எத்தனை பேர் வருவாங்க?

எங்கே கூட்டம் சேர்ந்தாலும் அந்த அக்காவுக்கு மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்திலிருந்து ஏறி வருகிற முதல் பஸ் ஏரி முனையில் திரும்பும்போதே, கடை வாசலில் நின்றபடி என்னைப் பார்த்துச் சொல்வார்.

“தம்பி, இன்னைக்குக் கூட்டம் நொம்ப இருக்குமுங்க. உங்ககிட்ட இருக்கிற ஃபிலிம் பத்தாது, பாத்துக்கோங்க.”

நான் அவருக்குப் பக்கத்துக் கடையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். அவர் பேச்சை நம்பிக் கூடுதலாக ஃபிலிம் வாங்கிப் போட்டு, கெடு முடிந்த ரோல்களைக் கோடை விழா முடிந்தபின் குப்பையில் கொட்டியிருக்கிறேன். அவருடைய கணக்கில் பிழை இருக்காது. வரவேண்டியவர்கள்தான் வரமாட்டார்கள்.

நாற்பதைத் தாண்டியவர். நரையை மறைக்க மாட்டார். மே மாத வெயிலிலும் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். அப்பா ஓர் எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். அக்கா மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அம்மா படுக்கையில் விழுந்தபோது மலைக்குத் திரும்பி வந்தார். அம்மா போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். கடையின் முன்பக்கம் எஸ்டிடி பூத். தட்டிக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஊருக்கு இன்டர்நெட் வந்த புதிதில் அது என்னவென்று தெரிந்துகொள்ள நாங்களெல்லாம் அந்தத் தட்டிக்குப் பின்னால்தான் போய் நின்றோம்.

அந்தக் கடையைத் திறந்த அன்றைக்கு வாடகை நாற்காலிகளைச் சாலை ஓரம் வரைக்கும் போட்டிருந்தார். லட்டு தட்டுத் தட்டாக இருந்தது. வந்தவர்கள் சர்ச்சிலிருந்து பாதிரியார், நான், எதிர்க் கடைப் பழக்காரம்மா, இன்னும் இரண்டு மூன்று பேர். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஜெபம் முடிந்ததும் அவர் லட்டுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நின்றுகொண்டிருந்த டிரைவர், கண்டக்டர், பயணிகள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் காலித் தட்டோடு திரும்பி வந்தார்.

“எதுக்குங்கக்கா இத்தன செஞ்சீங்க?” என்றேன்.

“வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லிரக் கூடாதில்லீங்க தம்பி. மிஞ்சுனா குடுத்துக்கலாம். பத்தலைன்னா என்ன பண்றது?”

அவருடைய கணக்கு தலை எண்ணுவதோடு நிற்காது. எத்தனை பேர் வருவார்கள், ஒருவர் எவ்வளவு எடுத்துக்கொள்வார், ஒரே நேரத்தில் எத்தனை பேர் கை நீட்டுவார்கள் என்று பார்த்துவிட்டு, கடைசியில் “மேல ஒரு கை” என்று கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். சர்ச்சில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டினாலும் அந்தக் கணக்குத்தான். படகுத் துறையில் வரிசை நின்றாலும், தனக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும், அந்தக் கணக்குத்தான்.

ஒரு மழை நாளில், கடைக்கு ஆளே வராத மத்தியானத்தில், அவர் தன்னுடைய நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொன்னார். ஏதோ பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நடந்ததைப் போலச் சொன்னார்.

“தர்மபுரிப் பக்கம் மாப்பிள்ள ஊடு. ஒரு பஸ்ஸு நெறைய வருவாங்கன்னு அப்பா சொன்னாரு. நாந்தான் ஒண்ணரை பஸ்ஸுக்குச் சமைக்கச் சொன்னேன். ரைட்டர் ஊட்டுக் காரியம், கொறையக் கூடாதில்ல? சாயங்காலம் வரைக்கும் பாத்தோம்.”

“லேட்டா வந்தாங்களா?”

“வரவே இல்லீங்க தம்பி. அப்பல்லாம் எஸ்டேட்டுல போன் ஏது? என்ன ஏதுன்னு கேக்கக் கூட வழியில்ல. மறாநாள் ஆள் வந்து சொன்னாங்க, வேற எடத்துல முடிச்சுக்கிட்டாங்கன்னு. சோத்தையெல்லாம் தலைச்சோலை ஊருல கூலிக்காரங்க ஊடுங்களுக்கு எடுத்துட்டுப் போனோம்.” கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். “புள்ளைங்க நல்லாச் சாப்புட்டுச்சுங்க” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நானும் கேட்டதில்லை.

ஏரிக்கு மேலே லாட்ஜ் வைத்திருந்த ஒருவர், வெப்சைட் ஒன்று வேண்டும் என்று அவரிடம் வந்தார். வெப்சைட் என்றால், அமெரிக்காவில் எங்கேயோ ஓடுகிற ஒரு கம்ப்யூட்டரில் நமக்கென்று வாடகைக்குப் பிடிக்கும் ஒரு மூலை என்று அக்கா எனக்கு விளக்கியிருந்தார். யாராவது நம் பக்கத்தைத் திறந்தால் அதிலிருக்கும் எழுத்தும் படமும் அங்கிருந்து கிளம்பி அவர்களிடம் போகும். மாதத்துக்கு இவ்வளவுதான் போகலாம் என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் பெயர் பேண்ட்வித். அந்த அளவு தீர்ந்துவிட்டால் பக்கத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

“ஒரு பக்கத்தோட எடை எவ்வளவு, எத்தன பேரு பாப்பாங்க, ஒருத்தரு எத்தன பக்கம் பொரட்டுவாரு. மூணையும் பெருக்குங்க. மேல ஒரு கை. அவ்வளவுதானுங்க” என்றார். படம்தான் எடை, எழுத்துக்கு எடையே கிடையாது என்றும் சொன்னார். போட்டோக்காரனான எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் கர்வமாகக் கூட இருந்தது.

லாட்ஜ்காரருக்கு அவர் பெரிய அளவாகவே வாங்கச் சொன்னார். சீசன் வந்தால் பெங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பக்கத்தின் அடியில், பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டுகிற ஒரு சின்னக் கட்டம் இருந்தது. சீசன் வந்தது, போனது. லாட்ஜ்காரர் திறந்து பார்த்தால் அதில் ஒன்று கூடும். அக்கா திறந்து பார்த்தால் இன்னொன்று கூடும். வருஷக் கடைசியில் அந்த மனிதர் கடைக்கே வந்து, பூத்தில் ஆட்கள் நிற்கும்போதே கத்தினார்.

“ஏனுங்க, ஒரு டம்ளர் காப்பி ஆத்தறதுக்கு அண்டா வாங்கிக் குடுத்திருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?”

 அவர் போன பிறகு அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் ஆள் வராமல் போனால் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு போர்டிங் பள்ளியின் பாதிரியார். மஸ்கட், துபாய், சிங்கப்பூர் என்று வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் அங்கே நிறையப் படித்தார்கள். பள்ளிக்கு ஒரு வெப்சைட் வேண்டும், பெரிய அளவா சின்ன அளவா என்று கேட்டார். அக்கா பேனாவைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“சின்னதே போதுங்க ஃபாதர். யாரு வந்து பாக்கப்போறாங்க.”

மேலே ஒரு கை சேர்க்காமல் அவர் கணக்கை முடித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் பள்ளி பஸ் ஒன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏதோ போட்டிக்காகச் சேலத்துக்கு இறங்கியது. நடுவழியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்குக் கீழே, பாதை மேல் மண் சரிந்தது. பஸ்ஸுக்கு முன்னாலேயே விழுந்ததால் யாருக்கும் அடியில்லை. டிரைவரும் வாத்தியார்களும் பிள்ளைகளை இறக்கி, மழையிலேயே மேலே நடத்திக் கூட்டி வந்தார்கள். பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அது இங்கே இருந்த எங்களுக்குத்தான் தெரியும். டிவிக்காரர்களுக்கு யாரோ, மண்சரிவில் பள்ளி பஸ் சிக்கியது என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டிலும் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியின் போன் வயர் அறுந்து கிடந்தது. ஊரில் பாதிப் போன்கள் செத்துவிட்டன. அக்காவின் பூத் லைன் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது.

பாதிரியார் ரெயின்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். “பெத்தவங்களுக்கு எப்படியாவது சொல்லணுமேம்மா” என்றார்.

அக்கா அப்போதே உட்கார்ந்தார். பஸ்ஸில் போன பிள்ளைகளின் பெயர்களைப் பாதிரியார் சொல்லச் சொல்ல டைப் அடித்தார். எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று மேலே ஒரு வரி. கீழே தன்னுடைய பூத் நம்பர். கரண்ட் இல்லாததால் மைக் செட்காரரின் ஜெனரேட்டர் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. பக்கம் வெப்சைட்டில் ஏறியது. ஜூன் மாதத்திலேயே பெற்றோர் எல்லோருக்கும் பள்ளியிலிருந்து அந்த முகவரியை எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அடியிலிருந்த கட்டத்தைப் பார்த்தார்.

“தம்பி! இங்க வாங்க, வந்து பாருங்க!”

போனேன். எண் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை பக்கத்தைப் புதுப்பிக்கும்போதும் பத்து, இருபது என்று கூடியது.

“வந்துட்டாங்க பாத்தீங்களா” என்றார். அந்த முகத்தை நான் போட்டோ எடுத்திருக்கலாம். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. “பேர மட்டும் பாத்தா பெத்த மனசு ஆறுமுங்களா? மொகத்தப் பாக்கணுமில்ல. புள்ளைங்கள ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துருங்க.”

கலர் ஃபிலிம் என்றால் சேலத்துக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். பாதை அடைத்துக் கிடந்ததால் கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஹாலில் சூடான கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாக நிற்க வைத்து எடுத்தேன். இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்டு, ஈரம் காய்வதற்குள் கொண்டு வந்து கொடுத்தேன். அக்கா அதை ஸ்கேன் செய்து திரையில் பார்த்தார்.

“சின்னதா வெச்சா மூஞ்சியே தெரியலீங்க” என்று பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். ஒவ்வொரு பிள்ளையின் கண்ணும் தெரிகிற அளவுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் திருப்தி. அதைப் பக்கத்தின் தலையில் வைத்து, ஏற்றினார். அந்த மெதுவான லைனில் அது ஏறி முடிப்பதற்குள் நான் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவிட்டேன்.

ஏறிய பிறகு அந்த எண் இன்னும் வேகமாக ஓடியது. ஒரு தாய் பார்த்தால் தங்கைக்குச் சொல்வாள், தங்கை நாத்தனாருக்குச் சொல்வாள். பள்ளியில் படித்துவிட்டு எங்கெங்கோ போனவர்களும் பார்த்தார்கள். அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பக்கத்தைப் புதுப்பித்தார்.

வெள்ளைத் திரை. நடுவில் ஆங்கிலத்தில் ஒரே வரி. இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

எனக்குப் புரியவில்லை. லைன் போய்விட்டதோ என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார். மேஜையில் கிடந்த பில்லின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தார். அந்தப் போட்டோவின் எடை, அந்த எண். பெருக்கி முடிப்பதற்குள் அவர் கை நின்றுவிட்டது.

“அளவு தீந்துபோச்சுங்க தம்பி. மாசக் கணக்கு முழுசும் இந்த ஒரே படத்துலயே போயிருச்சு.”

“படத்த எடுத்துருங்களேன்.”

“உள்ளயே போக விட மாட்டேங்குதுங்களே.”

பணம் கட்டினால் மறுபடி திறப்பார்கள். ஆனால் அந்த இடத்தைப் பாதிரியாரின் அமெரிக்க உறவினர் ஒருவர்தான் தன்னுடைய கிரெடிட் கார்டில் வாங்கிக் கொடுத்திருந்தார். அக்கா அவருக்கு மெயில் அனுப்பினார். அங்கே அப்போது நடுச்சாமம். வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு மெயில் அனுப்பினார். இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினார். உடனே ஒரு பதில் வந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது என்று இயந்திரம் தானாக அனுப்புகிற பதில். இலவசமாக இடம் தருகிற வேறோர் இடத்தில் பெயர்களை மட்டும் மறுபடி ஏற்றினார். ஏற்றிவிட்டுத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இந்த அட்ரஸ் யாருக்குத் தெரியும்? பழைய எடத்து வாசல்ல ஒரு போர்டு வைக்கக்கூட முடியலியே.”

இன்டர்நெட் ஓடுகிற வரைக்கும் அந்த லைனில் போன் வராது. அவர் இணைப்பைத் துண்டித்தார். அடுத்த நொடியே போன் அடித்தது. நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். எடுத்தார். “பத்திரமா இருக்குதுங்க. ஆமாங்க, நான் பாத்தனுங்க. கஞ்சி குடிச்சுட்டு இருக்குதுங்க.” வைத்ததும் மறுபடி அடித்தது. ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னும் எத்தனை தாய்மார்களுக்கு என்கேஜ்டு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வேகமாகப் பேசிப் பார்த்தார். ஆனால் அழுகிறவர்களிடம் எப்படி வைக்கச் சொல்வது? பக்கம் மூடிய பிறகு வந்தவர்களிடம் இந்த நம்பர்கூட இல்லை.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் பூத் லைனும் செத்தது. ரிசீவரைக் காதில் வைத்தபடியே பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

அமெரிக்க உறவினர் மறுநாளே பணம் கட்டிப் பக்கத்தைத் திறக்க வைத்திருக்கிறார். போன் லைன் சரியான பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் டிவியிலும் பிள்ளைகள் பத்திரம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அப்போது ஒருவர் பள்ளிச் சீருடை போட்ட பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பூத்துக்கு வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், மஸ்கட்டில் வேலை. பேண்ட் முழங்கால் வரைக்கும் சேறு. சேலம் பாதை அடைத்திருந்ததால் குப்பனூர் வழியாகச் சுற்றி, தக்காளி வண்டியில் பாதியும் நடந்து பாதியுமாக ஏறி வந்திருந்தார். மனைவிக்குப் போன் போட்டு, மகளிடம் கொடுத்தார். பெண் “அம்மா” என்றாள். அந்தப் பக்கமிருந்து வந்த அழுகை பூத்துக்கு வெளியே வரைக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டு, உள்ளே இருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்தார். “ஏனுங்கம்மா, இஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர்ல போட்டது இங்கிருந்துங்களா?”

“ஆமாங்க” என்றார் அக்கா.

“ஆபீஸ்ல கிளார்க்குப் பையன்தான் தெறந்து காட்டுனான். வெள்ளையா இருந்துச்சு. என்னப்பா எழுதியிருக்குதுன்னு கேட்டேன். நிறுத்தி வெச்சிருக்காங்கன்னான். எதுக்கு நிறுத்தி வெப்பாங்க? பெத்தவங்க பாக்கக் கூடாதது என்னமோ ஆயிருச்சுன்னுதானுங்களே நெனைக்கத் தோணும்? ஏர்போர்ட்டு வரைக்கும் எம் பொண்டாட்டி ஒரு வார்த்த பேசலீங்க.” அவர் குரலில் கோபமே இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். “அதுல போட்டோ இருந்துச்சுன்னு ஃபாதர் சொன்னாரு. பாக்கலாங்களா?”

அக்கா திறந்து காட்டினார். அவர் குனிந்து ஒவ்வொரு முகமாகத் தேடினார். மகள்தான் விரல் வைத்துக் காட்டினாள். பின் வரிசை. முன்னால் நின்றவள் கம்பளியை இழுத்து மூடிய நேரத்தில் எடுத்த படம். இவளுடைய நெற்றியும் வகிடும் ஒரு காதும்தான் தெரிந்தன.

“மொகமே தெரியலியே கண்ணு” என்று அவர் சிரித்தார். மகள் தலையில் கை வைத்தார். “அதனால என்ன. அன்னைக்கு உம் பேரு ஒண்ணு கண்ணுல பட்டிருந்தாலே போதுமே சாமி.”

அக்காவிடம் கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அக்கா திரையில் படத்தை மேலே தள்ளி, கீழே இருந்த பெயர் வரிசைக்கு வந்தார். பிறகு கேட்டார்.

“தம்பி, காலையில பேரு மட்டும்தான இருந்துச்சு?”

“ஆமாங்கக்கா.”

“அது அப்படியே இருந்திருந்தா, ஒலகமே வந்து பாத்திருந்தாலும் அளவு தீந்திருக்காது.”

 நல்லது நினைத்துத்தானே செய்தீர்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னது அவருக்கு உதவவில்லை என்பது அவர் தலையாட்டியதிலேயே தெரிந்தது.

கடையை அவர் மூடிவிடவில்லை. போன் பேச வருகிறவர்கள் வந்தார்கள், பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்க வந்தார்கள். வெப்சைட் கேட்டு யாராவது வந்தால் சேலத்தில் ஒரு கடையின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் வரும்போது அவர் வாசலுக்கு வருவதில்லை.

அதற்கடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்கப் போனேன். அவரைப் பழையபடி பேச வைத்துவிடலாம் என்று நினைத்து, சமையல்காரரிடம் இன்னும் ஆள் கணக்குச் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன்.

“எத்தன பேருக்குச் சொல்லட்டுங்கக்கா?”

பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரின் பெயர்களையும் விரலால் தடவினார்.

“தெரியலீங்க தம்பி” என்றார்.

கல்யாணத்தன்று அன்போடுதான் வந்தார். கூட்டம் நிறையவா குறைவா, சாப்பாடு மிஞ்சியதா பத்தாமல் போனதா என்பதெல்லாம் எனக்கு இப்போது நினைவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு, கடைசிப் பந்தியில், இலையைப் பார்த்தபடி தலை நிமிராமல் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பரிமாறியவர் இன்னும் கொஞ்சம் வைக்கக் குனிந்தார். அவர் இலையின் மேல் கையை விரித்து, போதும் என்றார்.